பசிக்காத காவற்படை

கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. பிள்ளைகளைக் கெடுக்க வந்த சனியன், தலை முழுகு என்கிறது ஒரு கட்சி. மூளைக்குச் சாணை பிடிக்கிறது, யுக்தி கற்பிக்கிறது, நிர்வாகத் திறமையை வளர்க்கிறது என்று மேடை போட்டுப் பேசுகிறது இன்னொரு கட்சி. முதல் கட்சியோடு எனக்கு வழக்கு இல்லை. நாவல் படித்தால் வீட்டுப் பெண்கள் கெட்டுப் போவார்கள் என்று பயந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். தாத்தாக்களுக்குக் காலம் பதில் சொல்லிவிட்டது, பேரன்மார்களுக்கும் சொல்லும். என் வழக்கெல்லாம் இரண்டாவது கட்சியோடுதான். ‘யுக்தி கற்பிக்கிறது’ என்கிறார்களே, என்ன யுக்தி, யாரைப் பற்றிய யுக்தி என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பொய் சொல்வது என் தொழில். எந்தப் பொய் சொல்லலாம், எது சொல்லக்கூடாது என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பொத்தாம் பொதுவாகப் பேசினால் யாருக்கும் உறைக்காது. ஆகவே ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் மட்டமானதை அல்ல, சிறந்ததையே எடுத்துக்கொள்கிறேன். மட்டமானதை அடிப்பது செத்த பாம்பை அடிப்பது. ‘ஹீரோஸ் ஆப் மைட் அண்ட் மேஜிக்’ என்ற வரிசையின் மூன்றாவது பாகம், அமெரிக்காவில் நியூ வேர்ல்டு கம்ப்யூட்டிங் என்ற கம்பெனி தயாரித்து 1999இல் வெளிவந்தது. கால் நூற்றாண்டு கழிந்தும் உலகெங்கும் ஆடுகிறார்கள். ஆடுவதற்கு நியாயமும் இருக்கிறது. மிக நேர்த்தியான விளையாட்டு. பூதங்கள், தேவதூதர்கள், எலும்புக்கூடுகள், பறக்கும் நாகங்கள் என்று அத்தனை மாயமும் அதில் உண்டு. குதிரையேறிய தலைவன் ஒருவன் நாடு முழுக்கச் சுற்றுகிறான். ஊர்களைப் பிடிக்கிறான். பிடித்த ஊரில் கோட்டை கட்டுகிறான், ஆட்களைக் காவலுக்கு நிறுத்துகிறான், மிச்சப் பேரை அழைத்துக்கொண்டு அடுத்த ஊரைப் பார்த்துக் கிளம்புகிறான். எதிரியும் இதையேதான் செய்கிறான்.

இதில் ஒரு மெய்யான சிக்கல் இருக்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஊரில் விட்ட ஆள் உன்னோடு வரமாட்டான். உன்னோடு வருகிறவன் ஊரைக் காக்கமாட்டான். எத்தனை பேரை விடுவது, எத்தனை பேரைக் கூட்டிப்போவது? உலகத்து ராஜாக்கள் எல்லாரும் தூக்கம் கெட்டு யோசித்த விஷயம் இது. பழைய தமிழில் கோட்டையில் காவலுக்குப் படை நிறுத்துவதைத் தாணையம் வைப்பது என்பார்கள். தாணையம் வைக்கத் தெரியாதவன் பிடித்த நாட்டை வைத்துக்கொள்ளத் தெரியாதவன். இந்த அளவுக்கு விளையாட்டு உண்மையைத்தான் தொடுகிறது. தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் என் புகார்.

என் மருமான் ஒருவன் இந்த விளையாட்டில் கெட்டிக்காரன். நான் ஆடுவதைப் பார்த்துவிட்டு அவன் பரிதாபப்பட்டுச் சொன்னான்: “என்ன மாமா, ஊரிலே எதுக்கு இத்தனை ஆளை வெச்சுட்டுப் போறீங்க? எல்லாரையும் தலைவன்கிட்டே குடுத்துடுங்க. ஊருக்கு ஒரே ஒரு குட்டிச்சாத்தான் போதும்.”

“பகைவன் வந்தால்?”

“வரட்டுமே! பிடிச்சுக்கிட்டா நாம திரும்பி வந்து பிடிச்சுக்கலாம். ஊருக்கு ஒண்ணும் ஆகாது, மாமா.”

அவன் சொன்னது சரி. விளையாட்டின் சட்டப்படி நூற்றுக்கு நூறு சரி. இந்த விளையாட்டை வருஷக்கணக்கில் ஆடியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் பாடமும் பெரும்பாலும் இதுதான்: படையைச் சிதறவிடாதே, ஒரே கையில் குவி, முந்திக்கொண்டு அடி. ஊருக்கு ஒன்றும் ஆகாது! இந்த மூன்று வார்த்தைகளைத்தான் நான் இந்தக் கட்டுரையில் கூண்டில் ஏற்றப் போகிறேன்.

ஏன் ஒன்றும் ஆகாது? விளையாட்டுக்குள்ளேயே போய்ப் பார்ப்போம்.

அந்த ராஜ்யத்தில் ஏழு வகைச் செல்வம் உண்டு. பொன், மரம், தாதுக்கல், பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம். ஒரு கோட்டைச் சுவர் எழுப்ப 5000 பொன், 20 மரம், 20 தாதுக்கல் என்று சுத்தமாகக் கணக்கு இருக்கிறது. ஈட்டிக்காரன் ஒருவனை எடுக்க 60 பொன். தேவதூதன் ஒருவனுக்கு 3000 பொன்னும் ஒரு ரத்தினமும். கந்தகம் முதல் ரத்தினம் வரை எண்ணிப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய இந்த ராஜ்யத்தில் தானியம் என்று ஒரு பொருளே கிடையாது. நெல் இல்லை, கோதுமை இல்லை, உப்பு இல்லை, தண்ணீர் இல்லை. ஏழு செல்வங்களில் ஒன்றையாவது ஒரு மனிதன் வாயில் போட்டு விழுங்க முடியுமா என்று நீங்களே பாருங்கள்.

ஆகவே காவற்படைக்குப் பசிக்காது. இன்றைக்கு நிறுத்திவைத்த ஈட்டிக்காரன் ஒரு வருஷம் கழித்தும் அப்படியே நிற்பான். அவனுக்கு எடுக்கும்போது கொடுத்த 60 பொன்னோடு சரி. அதற்குப் பிறகு சம்பளமும் இல்லை, படியும் இல்லை. அவன் ஓடிப்போகமாட்டான். நோயில் படுக்கமாட்டான். எதிரியிடம் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு நடுராத்திரியில் கதவைத் திறக்கமாட்டான். தலைவன் இல்லாத கோட்டையில் ஆயிரம் பேய்கள் வந்து மோதினாலும் கடைசி ஆள் விழும்வரை நிற்பான். இப்படி ஒரு சிப்பாயை உலகத்தில் எந்தத் தளபதியும் கண்டதில்லை.

சரி, ஊர்க்காரர்கள்? ஊர் என்று ஒரு படம் காட்டுகிறார்கள். வெகு அழகான படம். சாராயக்கடை இருக்கிறது, சந்தை இருக்கிறது, கருமான் பட்டறை இருக்கிறது, மந்திரவாதிகளின் மாடம் இருக்கிறது. மாளிகையின் தரத்துக்குத் தக்கபடி நாளொன்றுக்கு 500 பொன்னிலிருந்து 4000 பொன் வரை வரி வருகிறது. யார் கட்டுகிற வரி? தெரியாது. வாரத்தின் முதல் நாள் ஊரின் ‘ஜனத்தொகை’ பெருகுகிறது என்று அறிவிப்பு வருகிறது. இந்த ஜனத்தொகை என்ன என்று விசாரித்தால், பணம் கொடுத்துப் படையில் சேர்க்கக் கிடைக்கும் தலைகளின் எண்ணிக்கை! கிழவன், கிழவி, பால்குடிக்கும் பிள்ளை, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தரும் அந்தக் கணக்கில் இல்லை. போருக்கு உதவுகிறவன் மட்டுமே ஜனம்.

அந்த ஊரை எதிரி பிடித்தால் என்ன ஆகிறது? கொடி மாறுகிறது. மறுநாள் வரி அவனுக்குப் போகிறது. சாராயக்கடை திறந்தே இருக்கிறது. நேற்றுவரை எனக்கு ஆள் கொடுத்த கூடங்கள் இன்று அவனுக்குக் கொடுக்கின்றன. கூரை எரிவதில்லை, கிணற்றில் பிணம் மிதப்பதில்லை. திரும்ப நான் பிடித்தால் திரும்ப எனக்கு. என் மருமான் சொன்னதில் தப்பே இல்லை. ஒன்றும் ஆகாத ஊருக்குக் காவல் எதற்கு?

இப்போது மெய்யான கோட்டை ஒன்றைப் பார்ப்போம். இந்த விளையாட்டின் கோட்டைகளெல்லாம் ஐரோப்பியக் கோட்டைகளைப் பார்த்து வரைந்தவை. ஆகவே அங்கேயே போவோம்.

பிரான்ஸில் ஸேன் நதிக்கரைக் குன்றின்மேல் ஷாட்டோ கையார் என்று ஒரு கோட்டை உண்டு. இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு 1196க்கும் 1198க்கும் இடையில் கட்டியது. அந்தக் காலத்துக் கட்டிடக்கலையின் உச்சம் அது. 1203இல் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப் அதை வளைத்தான். அடிவாரத்து ஊரின் ஜனங்கள் பயந்து கோட்டைக்குள் ஓடிவந்தார்கள். கோட்டைக் காவல் தலைவன் ரோஜர் டி லேஸி தானியத்தை எண்ணிப் பார்த்தான். வாய்களையும் எண்ணிப் பார்த்தான். சண்டைக்கு உதவாத வாய்களை வெளியே அனுப்ப முடிவு செய்தான். முதலில் வெளியேறியவர்களைப் பிரெஞ்சுப் படை இரங்கிப் போகவிட்டது. பிறகு மன்னனின் கட்டளை வந்தது, இனி ஒருவரையும் விடாதே என்று. அடுத்து வெளியே வந்த நூற்றுக்கணக்கானவர்கள் முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் திரும்ப முடியவில்லை. கோட்டைக் கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்தியாகிவிட்டது. கோட்டைச் சுவருக்கும் பகைவர் வரிசைக்கும் நடுவே, பாறைச் சரிவில், மாரிக்காலக் குளிரில், புல்லையும் கிடைத்ததையும் தின்று அவர்கள் செத்தார்கள். மிஞ்சியவர்களைக் கடைசியில் பிலிப்பே இரங்கி விடச்சொன்னபோது பெரும்பாலோர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கோட்டை எப்படியும் 1204 மார்ச் மாதம் விழுந்தது.

இதுதான் ‘எத்தனை பேரைக் கோட்டையில் வைப்பது’ என்ற கேள்வியின் நிஜமான முகம். எத்தனை பேரை என்பதல்ல, யாரை என்பதே அந்தக் கேள்வி. யாருக்குச் சோறு, யாருக்கு இல்லை?

ஏதோ ஒரு கொடுங்கோலனின் விபரீதம் என்று இதை ஒதுக்கவும் வழியில்லை. அதற்கு ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கும் முன்னால், கி.மு. 52இல், அலேஸியா என்ற ஊரை ஜூலியஸ் ஸீஸர் வளைத்தபோதும் நடந்தது இதே கதைதான். உள்ளே இருந்த கால் ஜாதிப் படையினர் அந்த ஊருக்கே சொந்தக்காரர்களை, பெண்டு பிள்ளைகளோடு வெளியே அனுப்பினார்கள். எங்களை அடிமைகளாகவாவது எடுத்துக்கொள்ளுங்கள், சோறு போடுங்கள் என்று அவர்கள் ரோமானியர்களிடம் கெஞ்சினார்கள். ஸீஸர் காவல் போட்டுத் தடுத்துவிட்டான். தானே எழுதிய புத்தகத்தில் தானே இதைச் சொல்கிறான். யாருடைய ஊரைக் காக்கப் படை வந்ததோ, அந்த ஊர்க்காரர்களே முதல் பலி.

சம்பளம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆண்ட்வெர்ப் நகரம் சாட்சி. ஐரோப்பாவிலேயே பணம் புரண்ட துறைமுகம் அது. ஊரை அடக்கிவைக்க ஸ்பெயின்காரர்கள் அதன் ஓரத்தில் பெரிய கோட்டை கட்டிக் காவற்படை வைத்திருந்தார்கள். ஸ்பெயின் அரசாங்கத்தின் கஜானா 1575இல் திவாலாயிற்று. சிப்பாய்களுக்குச் சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. 1576 நவம்பர் 4ஆம் தேதி, கோட்டையிலிருந்த படையும் கலகம் செய்து வந்த பிற படைகளும் சேர்ந்து ஊருக்குள் இறங்கின. மூன்று நாள் கொள்ளை. ஆயிரக்கணக்கில் கொலை. ஊரைக் காப்பதாகச் சொல்லி உட்கார்ந்திருந்த படையே ஊரைத் தின்றது. நம் விளையாட்டில் 60 பொன்னுக்கு ஆயுள் முழுக்க விசுவாசம் வாங்குகிறோமே, அதன் மெய்யான விலைச்சீட்டு இது.

கோட்டை நின்ற கதைகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 1565இல் துருக்கிப் பெரும்படை மால்ட்டாத் தீவை முற்றுகையிட்டபோது சுமார் நான்கு மாதம் தீவு தாக்குப் பிடித்தது. வீர சரித்திரமாக அதை எழுதுகிறார்கள், எழுதட்டும். ஆனால் அங்கே உடைந்த மதிலை இரவோடிரவாக அடைத்தது யார்? கல் சுமந்தது யார்? மால்ட்டா ஜனங்கள், ஆணும் பெண்ணும் சிறுவரும். காவற்படை என்ற சொல்லுக்குள் அவர்கள் அத்தனை பேரும் அடக்கம். அந்தச் சொல்லை ஏழு கட்டங்களில் நிறுத்திய ஏழு பொம்மைகளாகச் சுருக்கினால் தோல்வி மட்டுமா பொய்யாகிறது? வெற்றியும் சேர்ந்து பொய்யாகிறது.

இனி எதிர்க்கட்சி வக்கீல்களின் வாதங்களைக் கேட்போம்.

“சதுரங்கத்தில் சிப்பாய் சாப்பிடுகிறானா? அதை யாரும் குறை சொல்கிறார்களா?” என்று கேட்பார் ஒருவர். சாப்பிடுவதில்லைதான். ஆனால் சதுரங்கம் உங்களுக்கு எதையும் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அறுபத்து நான்கு கட்டம், முப்பத்திரண்டு காய், அவ்வளவுதான். அங்கே ஊர் இல்லை, வரி இல்லை, ஜனத்தொகை இல்லை. இந்த விளையாட்டோ ஊரைக் காட்டுகிறது. சந்தையைக் காட்டுகிறது. சாராயக்கடையைக் கட்டியவன் குடிகாரனுக்கும் பொறுப்பாளி. ‘ஜனத்தொகை’ என்ற சொல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டவன் ஜனங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“இது மாயாஜால உலகம், ஐயா. பறக்கும் நாகத்தை ஒப்புக்கொள்கிறீர்கள், பசிக்காத சிப்பாயை ஒப்புக்கொள்ளமாட்டீர்களா?” என்பார் இன்னொருவர். மாட்டேன். நாகம் பறக்கட்டும்; எனக்கு ஆட்சேபமே இல்லை. மாயக்கதையின் தர்மம் வேறு. மணிமேகலையின் கையில் அமுதசுரபி ஏன் வந்தது? உலகத்தில் பசி என்று ஒன்று இருந்தது, அதனால் வந்தது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்பது எத்தனை பெரிய பொய்! ஆனால் அந்தப் பொய் பசியை முன்னால் நிறுத்திக் கும்பிடுகிற பொய். பசியே இல்லை என்று சொல்லியிருந்தால் பாத்திரத்துக்கு வேலை ஏது, கதைக்குத்தான் வேலை ஏது? மாயம் என்பது மனிதக் கஷ்டத்துக்கு மேலே கட்டுகிற மாடி. அஸ்திவாரத்தை எடுத்துவிட்டு மாடி கட்ட முடியாது.

இதைப் பழைய தமிழ்க்காரனின் பிடிவாதம் என்று நினைத்தால், இவர்களுடைய மாயக்கதைக் குருநாதரையே சாட்சிக்கு அழைக்கிறேன். இங்கிலாந்துக்காரர் டோல்கீன் எழுதிய மோதிரக் கதையின் இரண்டாம் பகுதி 1954இல் வந்தது. அதில் ஹெல்ம்ஸ் டீப் என்ற கோட்டையில் ஒரு முற்றுகை உண்டு. பூதப் படை வந்து மோதுகிறது. அங்கே கோட்டைக்குப் பின்னால் குகைகளில் அந்த வட்டாரத்துக் கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் ஒளிந்திருக்கிறார்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். தானியம் எவ்வளவு சேர்த்திருக்கிறது, மாட்டுக்குத் தீனி இருக்கிறதா என்றுகூடச் சொல்கிறார். அடுத்த பகுதியில் மினாஸ் டிரித் நகரை எதிரி சூழும் முன்னே பெண்களையும் குழந்தைகளையும் வண்டியேற்றி வெளியூருக்கு அனுப்புகிறார்கள். ஏன் இத்தனை அக்கறை? அந்த மனிதர் 1916இல் ஸோம் நதிக்கரைப் பதுங்குகுழியில் கிடந்தவர். பூதத்தைக் கற்பனை செய்யலாம், சோற்றைக் கற்பனை செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பூதத்தை எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் பலமானது. “சோற்றுக் கணக்கும் சம்பளக் கணக்கும் போடச் சொன்னால் விளையாட்டு சலித்துப்போகும். ஆடுகிறவன் ஓடிவிடுவான்.” கந்தகத்தையும் பாதரசத்தையும் மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கிறவன் ஒரு மூட்டை அரிசியை எண்ணச் சொன்னால் ஓடிவிடுவானா? ஓடமாட்டான் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. போலந்து தேசத்தில் ‘திஸ் வார் ஆப் மைன்’ என்று ஒரு விளையாட்டு 2014இல் வந்தது. 1992 முதல் 1996 வரை நடந்த சராயெவோ முற்றுகையை மனத்தில் வைத்துச் செய்தது. அதில் நீங்கள் தளபதி அல்ல. முற்றுகையிட்ட நகரத்தில் இடிந்த வீட்டில் ஒண்டியிருக்கும் நாலு சாதாரண மனிதர்கள். இன்றைக்கு யாருக்குச் சாப்பாடு, யார் காத்திருப்பது, மருந்துக்காக இன்னொரு வீட்டில் திருடலாமா என்பதுதான் ஆட்டம். ஜனங்கள் ஓடினார்களா? லட்சக்கணக்கில் வாங்கி ஆடினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் அதைச் சேர்ப்பதாக 2020இல் போலந்து அரசாங்கமே அறிவித்தது. சலிப்புத் தட்டும் என்ற சாக்கு இனிச் செல்லாது. செய்ய முடியும், செய்ய மனம் வேண்டும்.

தாணையத்துக்கு ஆளும் உண்டு, செலவும் உண்டு என்று ஒப்புக்கொள்கிற விளையாட்டுகளும் இருக்கின்றனவே என்பார்கள். 2016இல் ‘டோட்டல் வார்: வார்ஹாமர்’ என்று ஒன்று வந்தது. வெளியே சுற்றும் படைக்கு அதில் பராமரிப்புச் செலவு உண்டு, நல்ல காரியம். ஆனால் ஊர்க்காவற்படை? அது கட்டிடத்தோடு இலவசமாக முளைக்கிறது. செலவில்லை, செத்தால் நாளடைவில் தானாக நிரம்பிவிடுகிறது. பதினேழு வருஷ முன்னேற்றத்தில் படைக்குச் சம்பளம் வந்தது, ஊர்க்காவலனுக்கு வரவில்லை. புல் முளைப்பதுபோல அவன் முளைக்கிறான்.

கடைசி வாதத்தை ஒரு பெருமூச்சோடு சொல்வார்கள்: “விளையாட்டுதானே, விடுங்கள்!” விடலாம், இரண்டாவது கட்சிக்காரர்கள் அதை வெறும் விளையாட்டு என்று விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். யுக்தி கற்பிக்கிறது, தலைமைப் பயிற்சி தருகிறது என்று அவர்கள்தானே ஆரம்பித்தார்கள்? பாடம் என்று சொன்னால் பாடத்தைச் சோதிப்பேன். ஊர் என்பது வரி வருகிற ஒரு கொடிக்கம்பம், காவற்படை என்பது தீனி கேட்காத எண்ணிக்கை, கைமாறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது — இதுதான் அங்கே கற்பிக்கிற பாடம். இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவன் நாளைக்குப் பத்திரிகையை எப்படி வாசிப்பான்?

2022இல் உக்ரேன் தேசத்து மரியுபோல் நகரத்தை ருஷ்யப் படை வளைத்தது. நம் ஊரில் கைப்பேசியில் வரைபடம் பார்த்து, எந்தப் பக்கம் எந்த நிறம் ஏறுகிறது என்று காப்பிக் கடையில் விமர்சனம் செய்தவர்களை நான் கேட்டிருக்கிறேன். “விட்டுட்டுப் பின்வாங்க வேண்டியதுதானே, அப்புறம் பிடிச்சுக்கலாம்” என்றார் ஒருவர். “அந்தக் காவற்படையை அங்கே வெச்சதே வீண்” என்றார் இன்னொருவர். அந்த நகரத்தில் அப்போது குடிதண்ணீர் இல்லாமல் ஜனங்கள் பனியை உருக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அஸோவ்ஸ்டால் இரும்பு ஆலையின் நிலவறைகளில் சிப்பாய்களோடு பெண்களும் குழந்தைகளும் இரண்டு மாதம்போல வெளிச்சம் பார்க்காமல் கிடந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபையும் செஞ்சிலுவைச் சங்கமும் தலையிட்டு மே மாதம்தான் அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு காவற்படை சரணடைந்தது. வரைபடத்தில் ஒரு புள்ளி நிறம் மாறிற்று, அவ்வளவுதான். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லையா?

விளையாட்டு ஆடியதனால் அவர்கள் அப்படிப் பேசினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் ஆயுளில் ஒரு விளையாட்டும் ஆடியிராதவர்கள். மேலே இருந்து பார்க்கும் கண் மனித ஜாதிக்கு எப்போதும் உண்டு. ராஜாக்களுக்கு இருந்தது, இப்போது நம் எல்லார் கையிலும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணைத் திருத்துவது கதையின் வேலை. அதற்கு இன்னும் கொஞ்சம் மை தீட்டி அழகு பார்க்கிற வேலையைக் கதை செய்யக்கூடாது. இந்த விளையாட்டுகளும் கதைதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் பலருக்கு அவைதான் முதல் கதை. ஆகவே கதைக்குள்ள கடமை அவற்றுக்கும் உண்டு.

கோட்டையை வளைப்பதற்கு உழிஞை என்றும் உள்ளிருந்து காப்பதற்கு நொச்சி என்றும் பூவின் பேர் வைத்துப் பிரித்துப் பார்த்த மொழி நம்முடையது. வள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். உள்ளே உணவு இருக்க வேண்டும் என்பதை மறக்காமல் அதில் சொன்னார். என்ன சிறப்பு இருந்தாலும் உள்ளே இருக்கிறவர்களுக்குச் செயல் திறம் இல்லையென்றால் அது அரணே இல்லை என்று முடித்தார். கோவூர் கிழார் என்று ஒரு புலவர் இருந்தார். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த சமயம் அது. அந்தப் புலவர் மதிலின் உயரத்தைப் பாடவில்லை, வாளின் எண்ணிக்கையைப் பாடவில்லை. கவளம் கிடைக்காத யானையைப் பார்த்தார். பாலில்லாமல் அலறும் குழந்தையைப் பார்த்தார். பூவில்லாமல் வெறுந்தலையை முடிந்துகொள்ளும் பெண்களைப் பார்த்தார். தண்ணீரில்லாத வீடுகளிலிருந்து கேட்கும் கூக்குரலைக் கேட்டார். பிறகு அரசனைப் பார்த்து, அறம் உள்ளவனானால் ஊரை அவனுக்கென்று திறந்து கொடு, மறம் உள்ளவனானால் போருக்குத் திற. இரண்டும் இல்லாமல் அடைத்துக்கொண்டு கிடப்பது வெட்கக்கேடு என்று முகத்துக்கு நேரே சொன்னார். புறநானூற்றில் நாற்பத்து நான்காம் பாட்டாக அது இருக்கிறது. ‘ஊருக்கு ஒன்றும் ஆகாது’ என்று நினைக்கிற அரசனுக்கு, ஊருக்கு என்ன ஆகிறது என்று எழுந்து நின்று சொன்னவன் புலவன். எழுத்தாளன் என்று பேர் வைத்துக்கொண்டவன் வேறு என்னதான் செய்ய வேண்டும்?

இரண்டு படைக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட ஜனங்கள் என்றால் என்ன என்பதை, 2009ஆம் ஆண்டை மறக்காத தமிழனுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் எதையும் தடை செய்யச் சொல்லவில்லை. தடைக்காரர்கள் தங்கள் கட்சிக்கு என்னை இழுக்க வேண்டாம். பிள்ளைகள் ஆடட்டும், நாகங்களைப் பறக்கவிடட்டும், எலும்புக்கூடுகளை எழுப்பட்டும். விளையாட்டைச் செய்கிறவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். ஏழு செல்வங்களோடு எட்டாவதாகத் தானியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவலுக்கு நிறுத்துகிற ஒவ்வொருவனும் நாளைக்கு ஒரு படி தின்னட்டும். ஊர்க்காரனும் தின்னட்டும். களஞ்சியம் குறையும்போது யாரை வெளியே அனுப்புவது என்று அந்தத் திரை ஒருமுறை கேட்கட்டும். பிடிபட்ட ஊரில் மறுநாள் சாராயக்கடை மூடியிருக்கட்டும்.

அப்போதும் என் மருமான் ஊரைக் குட்டிச்சாத்தானிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். போவது அவன் இஷ்டம். ஆனால் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போவான். தெரிந்து செய்கிறவனுக்குத்தான் யுக்தி என்ற சொல் பொருந்தும், மற்றவனுக்குப் பொருந்தாது.